புதுப்பிப்பு: எத்தனால் பெட்ரோலும் என் பழைய ஜீப்பும் (கோத்தகிரி)

கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய பெட்ரோல் ஜீப், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் போட ஆரம்பித்ததிலிருந்து ஏற்றத்தில் திணறுகிறது, மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் சிறு துளை) பெரிதாக்கணுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"ஜெட்டைத் தொடாதே, முதலில் ஹோஸைப் பார்" என்ற குன்னூர் அண்ணன் சொன்னதுதான் சரி. பெட்ரோல் வரும் பழைய ரப்பர் ஹோஸைக் கழற்றி நசுக்கினேன், உள்பக்கம் மை மாதிரி விரலில் ஒட்டியது. எத்தனாலைத் தாங்கும் வைட்டான் (Viton என்ற செயற்கை ரப்பர்) ஹோஸ் போட்டு, பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமையும் (உள்ளே அசையும் சவ்வு) மாற்றினேன். டாங்கில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த அழுக்கையெல்லாம் எத்தனால் கிளப்பிவிட்டதில் முதல் வாரமே இரண்டு ஃபில்டர் காலி, மூன்றாவதுதான் தெளிவாக இருக்கிறது.

எதிர்பார்க்காத விஷயம் ஒன்று. எத்தனால் கலவையை லீனாக்கும் (காற்றுக்கு எரிபொருள் போதாது), ஆனால் இங்கே 1,800 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு என்பதால் கார்புரேட்டர் தானாகவே ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) ஓடும், இரண்டும் ஈடுகட்டி, கலவை சரி என்று காட்டுகிற மாதிரி ஸ்பார்க் பிளக் அழகான இளம்பழுப்பில் வருகிறது. மேட்டுப்பாளையம் இறங்கி ஓட்டினால் பிளக் வெளுத்துவிடுகிறது, அதாவது கலவை லீன். சமவெளியில் ஓட்டுகிறவர்கள் ஒரு சைஸ் பெரிய ஜெட் போட்டுப் பாருங்கள்.

முழு எத்தனால் ஆசையை விட்டுவிட்டேன். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று என்றால் எத்தனாலுக்கு 9தான், ஜெட்டின் துளைப் பரப்பே ஏறக்குறைய ஒன்றரை மடங்காகணும், அப்புறம் குளிரில் எத்தனால் எளிதில் ஆவியாகாது, நம்ம ஊர் ஜனவரிக் காலையில் ஸ்டார்ட் ஆன மாதிரிதான்!

மழை, பனிக்காலத்தில் டாங்கைப் பாதி காலியாக விடாதீர்கள், உள்ளே இருக்கும் காற்றின் ஈரத்தை எத்தனால் இழுக்கும்.