கழற்றி மாட்டுகிற கட்டில், அலமாரி: ஆசாரியிடம் என்ன சொல்லிச் செய்வது?

பாறசாலை_வாடகை:
ஆறு வருடத்தில் மூன்று வீடு. மார்த்தாண்டம், களியக்காவிளை, இப்போது பாறசாலை. கடையில் வாங்கிய துகள்பலகை அலமாரியை மூன்றாம் முறை பூட்டும்போது திருகாணி சும்மா சுற்றுகிறது. தீக்குச்சி உடைத்துப் போட்டு, பசை விட்டு ஒப்பேற்றியிருக்கிறேன். கட்டிலின் தலைமாடு மாடிப்படியில் திரும்பவே இல்லை. கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினோம். இனிமேல் ஆசாரியை வைத்தே செய்யலாம் என்றிருக்கிறேன். எத்தனை முறை கழற்றினாலும் ஆடாமல் நிற்க என்ன செய்யச் சொல்ல வேண்டும்?

குழித்துறை_மரவேலை:
தம்பி, திருகாணி மேல் குற்றமில்லை. துகள்பலகையில் அது பிடிக்கிற இடம் வெறும் மரத்தூளும் பிசினும். கழற்றுந்தோறும் கொஞ்சம் உதிரும். நம் பக்கம் ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி, அப்புறம் ஐப்பசி என்று இரண்டு மழை வேறு. ஈரம் குடித்து ஊதிய பலகையைக் கேட்கவே வேண்டாம். அதனால் கழற்றுகிற இடத்திலெல்லாம் இரும்பு இரும்பைப் பிடிக்கட்டும்.

கட்டிலுக்கு 6 எம்எம் ஆலன் போல்ட்டும் (தலையில் அறுகோணக் குழி இருக்கும்) பேரல் நட்டும் (குட்டி உருளை, பக்கவாட்டில் மரைத் துளை) வாங்குங்கள். காலில் போல்ட் நுழைய 7 எம்எம் துளை. நீளச் சட்டத்தின் உள்பக்கம் 10 எம்எம் துளை போட்டு நட்டை இறக்க வேண்டும். நட்டின் முகத்தில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் போல்ட் வருகிற திசைக்குத் திருப்பி வைத்தால் மரை உடனே அகப்படும். இது தெரியாமல் நானே ஒரு காலத்தில் அரை மணி நேரம் துழாவியிருக்கிறேன்.

போல்ட்டுக்கு மேலும் கீழும் 8 எம்எம் மரக்குச்சி ஒவ்வொன்று. பாரம் தாங்குவது அதுதான். போல்ட் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவே. குச்சிக்கு ஒரு பக்கம் மட்டும் பசை. ஆசாரி பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் தடவிவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

எங்கள் தாத்தா வீட்டு நெல் போடுகிற பத்தாயத்தில் ஆணியே கிடையாது. ஆப்பைத் தட்டி எடுத்தால் பலகை பலகையாக வரும். ஒவ்வொரு மூட்டின் உள்பக்கமும் உளியால் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று குறி இருந்தது. உங்களுக்கும் அப்படியே போடச் சொல்லுங்கள், பேனா மை அழிந்துவிடும்.

மரம் அயினியோ பலாவோ போதும். ரப்பர் மரம் என்றால் மருந்து ஏற்றியதுதானா என்று கேளுங்கள், இல்லையேல் வண்டு மாவாக்கிவிடும்.

நெய்யாற்றின்கரை_இன்டீரியர்:
அண்ணன் சொன்னது கட்டிலுக்குச் சரி. அலமாரிக்கு 18 எம்எம் பிளைவுட்டும், மினிபிக்ஸ் என்கிற கழற்றி மாட்டும் இணைப்பியும் போதும். 15 எம்எம் குழியில் உட்காருகிற சக்கரத்தை அரைச் சுற்று சுற்றினால் இறுகிவிடும். பின்பலகையை மட்டும் ஆணி அடிக்க விடாதீர்கள். பக்கப்பலகையில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து மேலிருந்து இறக்கினால் போதும், அலமாரி கோணாமல் நிற்பதே அதனால்தான். ஒரே உயரமாகச் செய்யாமல் கீழே 2 அடி, மேலே 5 அடி என்று இரண்டு பெட்டியாக்குங்கள்.

இது புதுசு ஒன்றும் இல்லை. வியன்னாவில் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்து திருகாணி, இரண்டு நட், அவ்வளவுதான். ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அனுப்பினார்கள்.

பாறசாலை_வாடகை:
நன்றி அண்ணன். படியை அளந்தேன், அகலம் 2 அடி 8 அங்குலம், நடுவில் ஒரு திருப்பம். தலைமாட்டுப் பலகையை நடுவில் இரண்டாக்கலாமா?

குழித்துறை_மரவேலை:
வேண்டாம், நடுமூட்டு கிறீச்சிடும். பலகை தனி, கால் இரண்டும் தனி என்று அதே போல்ட்டில் கழற்றும்படி செய்யுங்கள். 5 அடி நீளம், 2 அடி உயரம் உள்ள பலகையைத் திருப்பத்தில் செங்குத்தாக நிமிர்த்தினால் இரண்டு பேர் ஏற்றிவிடலாம். எல்லா போல்ட்டும் ஒரே அளவாக இருக்கட்டும். ஆலன் சாவியைச் சட்டத்தின் அடியிலேயே ஒரு கொக்கியில் மாட்டி வையுங்கள்; வீடு மாறும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.