படகுக் கூரையில் வளையும் சோலார் பேனல்: நேரடியாக ஒட்டலாமா?

காசிமேட்டில் எங்கள் படகின் கேபின் கூரை வளைவானது. அதனால் 100 வாட் வளையும் பேனல் வாங்கிவிட்டேன், ஜிபிஎஸ், வயர்லெஸ், லைட் ஓடினால் போதும். அப்படியே பசை போட்டு ஒட்டலாமா அண்ணே?

பதில்: வேண்டாம் தம்பி. அடியில் காற்று போகாவிட்டால் மே மாத வெயிலில் பேனல் கொதிக்கும், சூடு ஏற ஏற கரண்ட் குறையும், சீக்கிரம் கெட்டும் போகும். நான் குழல் குழலாக இருக்கும் பாலிகார்பனேட் ஷீட்டை இடையில் வைத்துக் கட்டினேன், நன்றாக ஓடுகிறது.

பதில்: கம்பத்தின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலே கரண்ட் பெரிதாக இறங்கிவிடும், இடம் பார்த்து வையுங்கள். பேட்டரிக்குப் போகும் கரண்டை அளவாக வைக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம், பேட்டரி பக்கத்தில் ஃபியூஸும். உப்புக் காற்றில் சாதா செம்பு ஒயர் பச்சை பிடிக்கும், வெள்ளீயம் பூசியது வாங்குங்கள்.

சரி, ஒட்டவில்லை. வலை இழுக்கும்போது பசங்க மேலே ஏறுவார்களே?

பதில்: மிதிக்கவே விடாதே தம்பி. பேனலுக்குள் இருக்கும் சோலார் செல் விரிசல் விடும், வெளியே தெரியாது.