டெப் கோப்பை நிறுவும் முன்பே அதன் உள்ளடக்கத்தைப் பட்டியலிட முடியுமா?

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை):
வணக்கம். ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து ஆறு கணினிகள் கொண்ட பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன், ஆறிலும் உபுண்டுதான். புதிய பிரிண்டரின் டிரைவர் டெப் கோப்பாக (உபுண்டுவில் மென்பொருளை நிறுவ உதவும் பொதி) வந்திருக்கிறது. சென்ற முறை இப்படி ஒன்றை இரட்டைக் கிளிக் செய்து நிறுவியதில், கேட்காமலேயே பின்னணியில் ஓடும் ஒரு நிரலும் கூடவே வந்துவிட்டது. ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள் வாசல்வரை நிற்க, அரை நாள் வேலை கெட்டது. நிறுவாமலேயே எந்தக் கோப்பு எங்கே போய் அமரும் என்று டெர்மினலில் பார்க்க வழி உண்டா?

பதில் (பெரம்பூர்):
உண்டு, ஐயா. பொதிகளைக் கையாளும் கட்டளையான டிபிகேஜி என்று டெர்மினலில் தட்டி, சிறுகோட்டுடன் சின்ன சி சேர்த்து, கோப்பின் பெயரைக் கொடுங்கள்; ரூட் (கணினியில் முழு அதிகாரம் கொண்ட பயனர்) அனுமதிகூட வேண்டாம். வரிக்கு ஒரு கோப்பாக அனுமதி, உரிமையாளர், அளவு, தேதி, பாதை ஆகியவை வரும். யூஎஸ்ஆர், லிப், கப்ஸ், ஃபில்டர் என்று போகும் பாதை பிரிண்டர் டிரைவருக்கு இயல்பானது. தானாகத் தொடங்கும் நிரல்களுக்கான ஆட்டோஸ்டார்ட் என்ற அடைவு (ஃபோல்டர்) தென்பட்டால் நின்று பாருங்கள். வரியின் நான்காவது எழுத்து எக்ஸாக இல்லாமல் எஸ்ஸாக இருந்தால், யார் இயக்கினாலும் அந்த நிரல் உரிமையாளரின், பெரும்பாலும் ரூட்டின், அதிகாரத்தோடு ஓடும்.

பதில் (வியாசர்பாடி):
அண்ணன் சொன்னது சரி. ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் நம்பி நிறுவிவிடாதீர்கள். டெப் என்பது ஏஆர் வகைக் கட்டு, அதாவது பல கோப்புகளை ஒன்றாகச் சேர்த்த கோப்பு. அதற்குள் வடிவத்தின் பதிப்பைச் சொல்லும் ஒரு சிறு கோப்பும், கன்ட்ரோல், டேட்டா என்ற இரண்டு டார் கட்டுகளும் இருக்கும். சின்ன சி காட்டுவது டேட்டாவை மட்டுமே. கன்ட்ரோலுக்குள் போஸ்ட்இன்ஸ்ட் என்ற ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு) இருந்தால், கோப்புகள் விரிந்தபின் அது ரூட்டாக ஓடும். அது புதிதாக எழுதும் எதுவும் பட்டியலில் வராது. சின்ன சிக்குப் பதில் சின்ன ஈ போட்டு, கோப்பின் பெயருக்குப் பின் ஒரு காலி அடைவின் பெயரையும் கொடுத்தால், அந்த ஸ்கிரிப்டுகள் அதற்குள் விரியும். பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பட்டியல் சுத்தமாக இருந்தது. போஸ்ட்இன்ஸ்டில்தான் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளுக்கான இடமான ஈடிசியின் க்ரான்.டி அடைவில் ஒரு கோப்பை எழுதும் வரி இருந்தது. பழைய டிரைவரும் இப்படி எதையாவது விட்டுப்போயிருக்குமா?

பதில் (வியாசர்பாடி):
அதே அடைவில் பாருங்கள். சந்தேகமான கோப்பின் முழுப் பாதையை டிபிகேஜியிடம் பெரிய எஸ் போட்டுக் கேளுங்கள். எந்தப் பொதியும் அதற்கு உரிமை கோரவில்லை என்றால், அது ஸ்கிரிப்ட் எழுதியதாகவோ யாரேனும் கையால் வைத்ததாகவோ இருக்கும். பொதியை நீக்கினாலும் அத்தகைய கோப்பு தானாகப் போகாது. உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு, நீங்களேதான் அழிக்க வேண்டும்.