பிப்ரவரி 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: பேரூராட்சி அளவில் விழிப்புணர்வு வேலையை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: பேரூராட்சி_எழுத்தர்

வணக்கம். 15 வார்டு, சுமார் 18,000 பேர் உள்ள பேரூராட்சி. ஊருக்கு வெளியே செங்கல் சூளைகள், மில்லை ஒட்டி வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் லைன் வீடுகள், நடுவில் பேருந்து நிலையம், மீதி வயல்காடு. இரண்டாம் கட்டமான ஆட்களை எண்ணும் கணக்கெடுப்புக்கு மக்களைத் தயார்ப்படுத்தும் பொறுப்பு எங்கள் அலுவலகத்துக்கு. பேனர் கட்டி ஆட்டோ விடுவதோடு நிறுத்த விருப்பமில்லை. எதை எப்போது தொடங்க வேண்டும், யாரை அனுப்ப வேண்டும், மக்கள் எதற்காகக் கதவைச் சாத்துகிறார்கள்? இந்த வேலை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில் 1: மேற்பார்வை_24

வார்டு கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். கணக்கெடுப்பு நடப்பது பிளாக் கணக்கில், அதாவது ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கும் வீடுகளின் தொகுதி. ஒரு பிளாக்குக்கு ஏறக்குறைய 700, 800 பேர். உங்கள் ஊருக்கு 24 பிளாக் அளவில் வரும். ஆறு கணக்கெடுப்பாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பதால் நான்கு மேற்பார்வையாளர்கள். விழிப்புணர்வையும் இதே 24 துண்டாகப் பிரித்தால்தான் பலன் உண்டு. வார்டு வாரியாக ஆட்டோ விட்டால், கணக்கெடுப்பாளராக வரும் ஆசிரியர் பத்து நாள் கழித்து வரப்போகும் தெருவில் இன்றைக்கே கத்திவிட்டுப் போய்விடும். அவர் வரும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

உங்கள் பகுதிக் கணக்கெடுப்பை நடத்தும் பொறுப்பு அலுவலரிடம் எந்தத் தெரு எந்தப் பிளாக் என்ற எல்லை விவரத்தை மட்டும் கேளுங்கள். வீட்டுப் படிவ விவரங்களைத் தர மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அப்புறம் பிளாக்குக்கு ஒரு தாள். ஆட்கள் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்கள், எந்த மொழி, பகலில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எந்தப் பக்கம், அந்தத் தெருவில் யார் சொன்னால் கேட்பார்கள். இந்த நான்கும் போதும். எழுதித் தர ஆள் உங்களிடமே உண்டு: குப்பை வாங்கும் தூய்மைப் பணியாளர், குடிநீர் திறந்துவிடுபவர், அங்கன்வாடிப் பணியாளர். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்பது இவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

கணக்கெடுப்பின் குறிப்பு நேரம், அதாவது எந்த நேரத்து மக்கள்தொகையாக இது கணக்கில் வருமோ அது, 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு 12 மணி. 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போனார்கள், மார்ச் 1 முதல் 5 வரை விடுபட்டதைச் சரிபார்த்தார்கள். அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி நாளையொட்டிப் பகுதி சபா (வார்டுக்குள் பகுதிவாரியாக நடக்கும் மக்கள் கூட்டம்) கூட்டினால் அங்கே முதல் பேச்சு. டிசம்பருக்குள் 24 தாள். ஜனவரியில் விழிப்புணர்வு வேலைக்குப் பிளாக்குக்கு இரண்டு பேர் என 48 பேருக்கு அரை நாள் பயிற்சி, கூட நான்கைந்து பேர் கையிருப்பு. துண்டறிக்கையைக் கடைசிப் பத்து நாளில்தான் கொடுக்க வேண்டும், முன்னாடியே கொடுத்தால் தொலைந்துவிடும். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 4,500 வீடு. 5,000 அடித்தால் சரியாக இருக்கும்.

முக்கியமானது முந்தின நாள் அறிவிப்பு. குப்பை வண்டியில் ஏற்கெனவே ஒலிபெருக்கி இருக்கிறது. 40 நொடிப் பேச்சு ஒன்று பதிவு செய்து, அந்தந்தப் பிளாக்குக்கு முந்தின நாள் மட்டும் ஓட விடுங்கள். தெருப் பெயரும் நேரமும் அதில் வர வேண்டும். "நாளை காலை 7 மணியிலிருந்து மேட்டுத் தெரு, கிணற்றுச் சந்து" என்று கேட்டால்தான் ஒருவர் வீட்டில் நிற்பார். "அனைவரும் ஒத்துழைப்பு தருவீர்" என்பதைக் கேட்டு யாரும் நிற்பதில்லை.

பதில் 2: சட்டம்_சாமானியர்

கதவு சாத்தப்படுவதற்கு முதல் காரணம் பயம் இல்லை, "போன தடவையே வந்து எழுதிட்டுப் போனாங்களே" என்பதுதான். முதல் கட்டத்தில் வீட்டைப் பற்றி 33 கேள்வி. அதற்கு முன்னால் 2025-26-இல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வேறு. இப்போது வரப்போவதையும் சேர்த்து மூன்றும் மக்கள் மனசில் ஒன்றாகிவிட்டது. துண்டறிக்கையின் முதல் வரி இதற்கான பதிலாக இருக்கட்டும்: "அன்று வீட்டை எண்ணினார்கள். இப்போது வீட்டில் இருக்கும் ஆட்களை எண்ணுகிறார்கள். வாக்காளர் பட்டியலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை."

அடுத்தது பணம். மகளிர் உரிமைத் தொகை வாங்கும் வீடுகளில் கார், நிலம், வேலை என்று எதைக் கேட்டாலும் ஆயிரம் ரூபாய் நின்றுவிடும் என்ற கவலை வரும். நியாயமான கவலை, அந்தத் திட்டத்தின் தகுதியில் காரும் நிலமும் இருக்கிறதே. இதற்கு "பயப்படாதீங்க" என்று சொல்லிப் பயனில்லை, சட்டத்தைச் சொல்லுங்கள். 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி ஒருவர் கொடுத்த தகவலைப் பார்வையிட யாருக்கும் உரிமை கிடையாது. உரிமையியல் வழக்கில் சாட்சியமாகவும் எடுக்க முடியாது. தகவலை வெளியே விட்ட அலுவலருக்கு 11-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பதில் தர மறுப்பவருக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் அதைத் துண்டறிக்கையில் போடாதீர்கள். மிரட்டினால் கதவு திறக்கும், பதில் பொய்யாக வரும்.

ஆவணம் எதுவும் காட்ட வேண்டியதில்லை, வாயால் சொல்வதே போதும். ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, ஓடிபி கேட்டு வந்தால் அவர் கணக்கெடுப்பாளர் இல்லை. இதைத் தனிக் கட்டத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வயதான அம்மாக்கள் கணவர் பெயரைச் சொல்லத் தயங்குவார்கள். சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 8-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னால் முடிந்தது. பயிற்சியில் இதைச் சொல்லி வையுங்கள், வாசலில் சங்கடம் வராது.

பதில் 3: வடக்கு_எல்லை

ஆள் விடுபடுவது பெரும்பாலும் நீங்கள் சொன்ன சூளையிலும் லைன் வீட்டிலும்தான். அதனால் அங்கே மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

சூளையில் குடும்பத்தோடு வந்து தங்கியிருப்பார்கள். சொந்த ஊர் வீடு பூட்டிக் கிடக்கும். கணக்கெடுப்புக் காலம் முழுக்க இங்கேதான் இருக்கிறார்கள் என்றால் இங்கேதான் எண்ண வேண்டும். ஊரில் இருக்கும் பாட்டி "எம்மவன் பேரையும் சேர்த்துக்குங்க" என்று சொல்லி அங்கேயும் எழுதினால் இரட்டைப் பதிவு. அங்கே பூட்டிய வீடு, இங்கே விடுபட்ட ஆள் என்றால் அந்தக் குடும்பம் கணக்கிலேயே இல்லை. எனவே செய்தி ஒரே வரிதான்: "எங்கே இருக்கிறீர்களோ அங்கே, ஒரே ஒரு தடவை."

முதலில் சூளை உரிமையாளரிடம் பேசுங்கள். தொழிலாளர் துறை சோதனை என்று நினைத்து ஆள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வார்கள், பிள்ளைகளைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். செயல் அலுவலர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போய், இது சோதனை இல்லை என்று விளக்கிவிட்டு, அடுத்து மேஸ்திரி. கல் அறுப்பு நள்ளிரவுக்கு மேல் தொடங்கி முற்பகல் வரை போகும், அதற்கப்புறம் தூக்கம். காலை பத்து மணிக்கு வெள்ளைச் சட்டையோடு போனால் யாரும் தலை நிமிர மாட்டார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அடுப்பு பற்ற வைக்கும் நேரம் சரியானது.

லைன் வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருப்பார்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் ஒரு குடும்பம், தனித்தனியாகச் சமைத்தால் தனித்தனிக் குடும்பம். இரவு ஷிப்ட் ஆட்கள் தூங்கும்போது போனால் "மூணு பேர்தான்" என்று யாரோ சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்தி, ஒடியா, வங்காளத்தில் சிறு அறிவிப்பு ஒட்டுங்கள். அதோடு விடாமல் அவர்களில் ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "இங்கே பெயர் கொடுத்தால் ஊரில் ரேஷன் போய்விடுமா" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. போகாது என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும்.

வீடற்றவர்களை 2011-இல் பிப்ரவரி 28 இரவு ஒரே மூச்சில் எண்ணினார்கள். பேருந்து நிலையம், கோயில் மண்டபம், கடை வாசல்களை ஒரு வாரம் முன்பே இரவு பத்து மணிக்கு மேல் சுற்றிப் பார்த்து, யார் எங்கே படுக்கிறார்கள் என்று குறித்து, அவர்களிடம் பேசியும் வையுங்கள். சொல்லாமல் அந்த இரவில் டார்ச் அடித்து எழுப்பினால், போலீஸ் என்று நினைத்து எழுந்து போய்விடுவார்கள்.

பதில் 4: குழு_ஒருங்கிணைப்பு

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் வாங்குங்கள், அதுவும் பெண்களின் வேலையைப் பற்றி மட்டும் பேச. "என்ன வேலை பாக்குறீங்கம்மா?" "சும்மா வீட்டுலதான் இருக்கேன்." பின்னால் இரண்டு மாடு கட்டியிருக்கும், விடியற்காலை கறந்த பால் சொசைட்டிக்குப் போயிருக்கும். பால் விற்பது வேலை. சொந்த வயலில் கூலியில்லாமல் களை எடுப்பதும் வேலை. "வீட்டுலதான்" என்று சொன்னதும் எழுதிவிட்டால் அந்தப் பெண்ணின் உழைப்பு பத்து வருஷத்துக்குக் கணக்கில் வராது. பழைய கணக்கெடுப்புகளில் ஓயாமல் நடந்த பிழை இது. ஆண்கள் பதில் சொல்லும் வீட்டில் இன்னும் அதிகம்.

இந்தக் கட்டத்தில் சாதிக் கேள்வியும் உண்டு. 2011-இல் தனியாக நடந்த சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கு மேல் சாதிப் பெயர்கள் வந்து குவிந்ததாக ஒன்றிய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. பட்டப்பெயர், உட்பிரிவு, எழுத்து வேறுபாடு எல்லாம் தனித்தனிச் சாதியாக விழுந்தன. வீட்டில் முன்கூட்டியே கலந்து பேசி எல்லோருக்கும் ஒரே பெயராகச் சொல்லுங்கள் என்பது வரை நாம் சொல்லலாம். எந்தப் பெயர் என்பதை நாம் சொல்லவே கூடாது. சங்கங்கள் உங்கள் ஒலிபெருக்கியையும் மேடையையும் கேட்டு வருவார்கள், ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற தெருக்களில் உங்கள் ஆட்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

பேரூராட்சி_எழுத்தர்

மிக்க நன்றி. ஒன்று மட்டும்: சுயகணக்கெடுப்புக்கு, அதாவது வீட்டாரே இணையத்தில் விவரங்களை நிரப்புவதற்கு, முகாம் போடலாமா? கணினி தெரியாதவர்கள் அதிகம்.

பதில்: மேற்பார்வை_24

போடலாம். ஆனால் நிரப்புவது அந்த வீட்டு ஆளாக இருக்க வேண்டும், உங்கள் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்ட மட்டும். முதல் கட்டத்தில் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய 15 நாள் இதற்காக ஒதுக்கியிருந்தார்கள். இரண்டாம் கட்டத் தேதி வந்ததும் முகாமை மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள், அப்போதுதான் படித்த பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். பதிவு செய்யும்போது அவரவர் செல்பேசிக்கு ஓடிபி வரும். அதை அவரே பார்த்து அவரே தட்ட வேண்டும். இல்லாவிட்டால் துண்டறிக்கையில் நாம் சொன்ன எச்சரிக்கையை நாமே உடைத்த மாதிரி ஆகிவிடும். முடிந்ததும் ஓர் அடையாள எண் வரும். பேனாவால் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். கணக்கெடுப்பாளர் வரும்போது அந்த எண் கையில் இல்லையென்றால் எல்லாக் கேள்வியையும் மறுபடி கேட்க வேண்டிவரும். எண் கிடைத்துவிட்டது, இனி யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர் ஒரு தடவை வந்து சரிபார்ப்பார் என்பதை முகாமிலேயே சொல்லி அனுப்புங்கள்.