பைக்கை இறக்குனதும் வளைவுல உரசுது, ஏன்?

கால் எட்டலன்னு லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனை இறக்குற இணைப்புத் துண்டு) போட்டு பின்னாடி 30 மிமீ இறக்கிட்டேன், நிறுத்த சுகமா இருக்கு ஆனா வளைவுல திரும்பவே மாட்டேங்குது, நேத்து கால் வைக்கிற ஃபுட்பெக் வேற கர்ருன்னு உரசிடுச்சு.

> பின்னாடி மட்டும் இறக்குனா ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற ரெண்டு குழாய்) படுத்துக்கும், ரேக்கும் (ஸ்டியரிங் அச்சோட சாய்வு) ட்ரெயிலும் (அந்த அச்சு தரையைத் தொடுற இடத்துக்கும் டயர் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம்) கூடிடும், ஸ்டியரிங் மந்தமாத்தான் இருக்கும். ஃபோர்க் குழாயை அதைப் பிடிச்சிருக்கிற க்ளாம்ப்ல கொஞ்சம் மேல தள்ளி முன்னாடியும் இறக்குங்க.

> ஸ்டியரிங் சரியாகும் ப்ரோ, உரசறது இன்னும் மோசமாகும். வெயிட் கீழ போனா அதே ஸ்பீடுக்கு இன்னும் கொஞ்சம் சாய்க்கணும், சாய்க்க இடமும் கம்மி. பெக்காவது மடங்கும், எக்ஸாஸ்ட் மடங்காது, அது தரையில ஊனுனா டயரையே தூக்கிடும். சீட் ஃபோமை செதுக்கிப் பாத்திருக்கலாம்.

> சைடு ஸ்டாண்டை வெட்டுனீங்களா? நான் மறந்தேன், வண்டி நிமிந்து நின்னு அந்தப்பக்கம் சாஞ்சிடுச்சு 😅

அட, அதான் நேரா நிக்குதா!