நகரி மலையில் மேலே ஒரு கல், கீழே ஒரு கல், ஏன்?

தறிவீடு, நகரி:

எல்லோருக்கும் வணக்கம். நகரிக்குப் பக்கத்துக் கிராமம், விசைத்தறி ஓட்டுகிறேன். போன மாதம் கிணற்றைத் தூர் வாரி ஆழப்படுத்தினோம். முதல் 15 அடி மொரம்பு, கையால் பிசைந்தாலே உதிர்கிறது. அதற்குக் கீழே கெட்டிப் பாறை, வெடி வைத்துத்தான் எடுத்தார்கள். சாம்பல் நிறம், நடுநடுவே இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளி. வெயிலில் காக்காப்பொன் மினுக்குகிறது.

ஆடு மேய்க்கும் என் மாமா மலையிலிருந்து உருண்டு வந்த கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் புள்ளியே இல்லை. வெளுப்பும் செம்மண் நிறமும் கலந்து, உடைந்த இடம் கற்கண்டு மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க, ஏரிக்கரை ஈரமணலில் விழுமே, அந்த அலைவரி.

7-ஆம் வகுப்பு படிக்கும் என் மகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "மலை மேல ஏரி இருந்ததாப்பா?" என்று கேட்டாள். அவளுக்குப் பாடம் தெலுங்கில். அக்னி சிலலு, அவக்ஷேப சிலலு, ரூபாந்தர சிலலு என்று மூன்று பாறை வகைகளை ஒப்பிக்கிறாள். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. ஒரே மலையில் இரண்டு கல் எப்படி வந்தது என்று தமிழில் யாராவது சொன்னால் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

வேலூர்வாசி:

மேலே இருப்பது மார்பிளாக இருக்கும். எங்கள் வீட்டுத் தரையில் போட்ட கல்லும் உடைந்த இடத்தில் கற்கண்டு மாதிரிதான் இருக்கிறது.

கல்வேலை, குப்பம்:

மார்பிள் இல்லை அண்ணா. மார்பிளைக் கத்தி கீறும். நகரி மலைக்கல்லைக் கத்தியால் இழுத்தால் கல்லில் கீறல் விழாது, கத்தியின் இரும்புதான் தேய்ந்து கோடாக ஒட்டும். உளி முனை அதில் சீக்கிரம் மழுங்கிவிடும். அது வெங்கச்சாங்கல் சாதி. கிணற்றில் வந்தது நாம் ஜல்லிக்கு உடைக்கிற கருங்கல்தான்.

புத்தூர்க்காரர்:

குப்பம் தம்பி சொன்னது சரி. நான் திருப்பதியில் நிலவியல் படித்தவன், இந்தப் பக்கம் போர் போட இடம் பார்த்துக் கொடுப்பதில் பல வருஷம் போயிற்று. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கிணற்றுப் பாறை நெருப்புக் குழம்பாக இருந்து ஆறியது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் மிக மெதுவாக ஆறியதால் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்திருக்கின்றன. கண்ணாடி போல் இருப்பது வெங்கச்சாங்கல். இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஃபெல்ஸ்பார். மினுக்குவது காக்காப்பொன். மகள் சொல்லும் அக்னி சிலா இதுதான். இதன் வயது 250 கோடி ஆண்டுக்கும் மேல்.

மலைக்கல் ஒரு காலத்தில் வெறும் மணல். தண்ணீர் கொண்டுவந்து பரப்பியது, அந்த அலைவரி அதற்குச் சாட்சி. மேலே மேலே மணல் ஏறி அமுக்க, மணிகளுக்கு நடுவே சிலிக்கா புகுந்து ஒட்டிக்கொள்ள, கல்லாக இறுகியது. குவார்ட்சைட் என்போம். இந்தப் பக்கத்து அடுக்குக்கு நிலவியல்காரர்கள் வைத்திருக்கும் பெயரே நகரி குவார்ட்சைட். திருமலையில் சிலாதோரணம் என்று பார்க்கிறோமே, அதுவும் இந்தக் கல்தான்.

ஆக, தண்ணீர் இருந்தது உண்மை. ஆனால் மலை மேல் இல்லை. அப்போது மலையே கிடையாது. பரந்த தரையில் படிந்த மணல் அது. பிற்பாடு சுற்றியிருந்த நிலம் கரைந்து இறங்க, இந்தக் கெட்டிக் கல் கரையாமல் உயரத்தில் நின்றுவிட்டது. கடலில் வந்த கப்பல்காரர்கள் அடையாளம் பார்த்து வந்த நகரி மூக்கு அப்படி நின்ற துண்டு.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆழத்தில் ஆறிய பாறை மேல் மணல் எப்படிப் படியும்? மேலே இருந்த பல கிலோமீட்டர் கனம் முழுக்க மழையிலும் காற்றிலும் தேய்ந்து போய், அந்தப் பாறை வெளியே தலைகாட்டியிருக்க வேண்டும். அதற்கு ஆன காலத்துக்கு இங்கே கல்லே இல்லை. இரண்டும் சேரும் அந்த ஒரு கோட்டில் ஏறக்குறைய 80 கோடி ஆண்டு காணாமல் போயிருக்கிறது. டைனோசர் அழிந்து 6.6 கோடி ஆண்டுதான் ஆகிறது, அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு! 1788-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இப்படி ஒரு கோட்டைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் ஹட்டன் பூமியின் வயது நாம் நினைப்பதைவிட மிக மிக அதிகம் என்று வாதாடினார். நம்முடையது திருப்பதி–திருமலை மலைப்பாதையில் சாலைக்கு வெட்டிய சரிவுகளில் தெரிகிறது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்திருக்கிறார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பஸ்ஸில் கடந்து போகிறோம்.

தறிவீடு, நகரி:

ஐயா, மிக்க நன்றி. மகளிடம் சொன்னேன். அப்படியென்றால் அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள்.

புத்தூர்க்காரர்:

உங்கள் கிணற்றிலேயே விடை இருக்கிறது. மொரம்பு என்பது மக்கிய கருங்கல். ஃபெல்ஸ்பார் தண்ணீர் பட்டுப் பட்டுக் களிமண்ணாகிவிடும். வெங்கச்சாங்கல் மக்காது. ஒரு கை மொரம்பைக் குண்டானில் போட்டு, கலங்கல் நிற்கும்வரை கழுவி ஊற்றச் சொல்லுங்கள். எது மிஞ்சுகிறது என்று பார்க்கட்டும்.

தறிவீடு, நகரி:

செய்தோம் ஐயா. ஏழெட்டுத் தடவை கழுவினாள். அடியில் வெள்ளை மணிதான் அதிகம், கொஞ்சம் காக்காப்பொன்னும் இருந்தது. மாமா கொடுத்த கல்லின் உடைந்த பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கல் அந்த மணலோட பிள்ளைப்பா" என்றாள். அடுத்த வாரம் திருமலைக்குப் போகிறோம். பஸ்ஸில் எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால் அந்தக் கோடு நன்றாகத் தெரியும்?