மேங்கனீஸ் குழிக்குப் பக்கத்துல போர் போட்டா கருப்புத்தூள் வருது, என்ன கல்லுங்க இது?

செங்கோட்டு ரிக்:
வணக்கமுங்க. எங்களுது திருச்செங்கோட்டு போர் வண்டி, இப்ப ஆந்திராவுல விஜயநகரம் ஜில்லா கரிவிடி பக்கம் ஓடிட்டிருக்குது. கடல் நெம்ப தூரமில்ல, மலைன்னு சொல்றாங்க ஆனா நம்மூர்ல அதையெல்லாம் கரடுன்னுதான் சொல்லுவோம். ஒரு கரட்டடியில பழைய மேங்கனீஸ் குழி தண்ணி நின்னு கெடக்குது, அதையொட்டுன தோட்டத்துல போர் போட்டமுங்க. 30 அடி வரைக்கும் செம்மண்ணு, அப்புறம் வெள்ளைக் களி, பிட்டுல அப்பிக்கிட்டு உசுரை வாங்குது, அதுக்குள்ள திட்டுத்திட்டா கருப்புத்தூள். தொட்டா அடுப்புக்கரியாட்டம் கையில ஒட்டுது, ஆனா கனம்னா அப்படியொரு கனம். 110 அடியில கெட்டிப்பாறை வந்ததும் கருப்பு சுத்தமா நின்னுபோச்சு, செம்பழுப்பு கலர்ல மணி மணியா வருது. மேல இருக்கறது அடியில ஏன் இல்ல? தோட்டத்துக்காரரு இதை விக்கலாமா, தண்ணி குடிக்கலாமான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.

ஈரோட்டு மாப்ள:
அண்ணா நம்ம சேலத்துல வெள்ளைக்கல்லு தோண்டறாங்களே அதானே மேங்கனீஸு?

சேலத்து ஜியாலஜி:
அது மேக்னசைட்டு மாப்ள, மெக்னீசியம், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

ரிக் அண்ணா, இந்தியாவுல மேங்கனீஸ் தோண்ட ஆரம்பிச்சதே அந்தப் பக்கந்தான், 1890கள் தொடக்கத்துல கோடூர்ல. அந்தக் கரடுக பெரும்பாலும் கொண்டலைட்டுங்கற பாறை. ஆதியில களிமண்ணா படிஞ்சது, சுமாரா 100 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்குள்ள ஆழமா போயி 900 டிகிரிகிட்ட வெந்து கார்னெட், சில்லிமனைட், கிராபைட்டுன்னு வேற வேற கனிமமா மாறிப்போச்சு. அதுக்கு நடுவுல பட்டை பட்டையா கோடூரைட்டுங்கற இன்னொரு பாறை இருக்கும், அதுல பொட்டாஷ் ஃபெல்ஸ்பார், மேங்கனீஸ் கலந்த கார்னெட், அப்படைட்டு மூணும் இருக்கு. அடியில வந்த செம்பழுப்பு மணி அந்தக் கார்னெட்டாத்தான் இருக்கோணும். பாறைக் குழம்பு உறைஞ்சு வந்ததுதான் கோடூரைட்டுன்னு 1900கள்ல ஃபெர்மோர்னு ஒரு ஜியாலஜிஸ்ட் எழுதுனாரு, பின்னாடி வந்தவங்க பலபேரு அதை ஒத்துக்கல, மேங்கனீஸ் கலந்த வண்டல் படிஞ்சு வெந்ததுதான்னு சொன்னாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது, பட்டையெல்லாம் சுத்தியிருக்கற பாறையோட ஒட்டுக்கா மடிஞ்சு போகுது.

உங்க கேள்விக்கு வர்றேன். மழைத்தண்ணி எறங்கி எறங்கி மேலாப்புல பாறை மக்கிப்போச்சு. ஃபெல்ஸ்பார் மக்குனா வெள்ளைக் களி, கார்னெட்டு மக்குனா அதுல இருக்கற மேங்கனீஸ் தண்ணியில கரைஞ்சு வெரிசல் சந்தெல்லாம் போயி காத்துப்பட்டு கருப்பு ஆக்சைடா உக்காந்துக்கும். அதனாலதான் களிக்குள்ள திட்டுத்திட்டா இருக்குது, மக்காத பாறை வந்ததும் நின்னுருது. அந்த மாதிரி சின்னக் குழிக பலதும் கைவிடப்பட்டதுக்கு இது ஒரு முக்கியக் காரணம், மேல நல்ல சரக்குன்னு நம்பித் தோண்டுவாங்க, அடியில வெறும் கார்னெட்டு வரும்.

எதுக்கும் கிராபைட்டா இல்லையான்னு பாத்துருங்க, அங்க அதுவும் உண்டு, அதுவும் கையில ஒட்டும், ஆனா கனமில்லாம வழுவழுன்னு இருக்கும். மெடிக்கல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி ரெண்டு சொட்டு விடுங்க, மேங்கனீஸ் ஆக்சைடா இருந்தா புசுபுசுன்னு பொங்கும், கிராபைட்டு கம்முன்னு இருக்கும். காந்தமும் வெச்சுப் பாருங்க, ஒட்டுனா மேக்னடைட்டுங்கற இரும்புக்கல்லு, நம்ம கஞ்சமலையில இருக்கறது.

பீளமேடு ஃபவுண்டரி:
ஜியாலஜி சொன்ன அப்படைட்டுலதான் வில்லங்கமே. அதுல பாஸ்பரஸ் இருக்குது, அது அந்தப் பக்கத்துச் சரக்குலயும் வந்துருது. நாங்க கிரஷருக்கு கல்லை நொறுக்கற ஜா பிளேட்டு ஊத்தறோம், 12லருந்து 14 பர்சென்ட் மேங்கனீஸ் ஸ்டீலு, அதுல பாஸ்பரஸ் ஏறுச்சுன்னா வார்ப்பு ஆறும்போதே வெரிசல் உட்டுரும். ஒருக்கா ஒரு வியாபாரிகிட்ட ரேட்டு கம்மின்னு ஃபெர்ரோ மேங்கனீஸ், அதான் ஸ்டீலுல போடற இரும்பு-மேங்கனீஸ் கலவை, எடுத்தோம், அனாலிசிஸ் பேப்பர்ல போட்டிருந்தது ஒண்ணு, நாங்க லேப்ல குடுத்துப் பாத்தா வந்தது வேற, ஊத்துன பிளேட்டெல்லாம் மறுபடி ஃபர்னஸுக்கே போச்சு. அதனால கருப்பா கனமா இருந்தா காசுன்னு தோட்டத்துக்காரர நெனைக்க உட்டுராதீங்க.

செங்கோட்டு ரிக்:
பெராக்சைடு உட்டமுங்க, பொங்கி வழியுது! காந்தத்துல ஒட்டல. தண்ணி 2 இன்ச் வந்துருக்குது, கலர் இல்ல, ஆனா பக்கெட்டுல ராத்திரி புடிச்சு வெச்சா காலையில அடியில கருப்பா படியுது.

சேலத்து ஜியாலஜி:
அப்ப மேங்கனீஸேதான். விக்கற பேச்சு வேண்டாங்க, அது 1957 கனிமச் சட்டத்துல வர்ற சரக்கு, நெலம் அவருதா இருந்தாலும் லீஸ் இல்லாம ஒரு லோடு எடுக்க முடியாது.

தண்ணிய லேப்ல குடுத்துருங்க. குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500ல மேங்கனீஸுக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் லிமிட்டு, வேற தண்ணியே இல்லைன்னா 0.3 வரைக்கும். காய்ச்சுனா போகாது, காத்து புடிக்க வெச்சு மேங்கனீஸுக்குன்னே வர்ற ஃபில்டர்ல உடோணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் குழந்தைகளுக்கு அதுல பால் பவுடர் கலக்க வேண்டாம்னு சொல்லிருங்க. கருப்பு படியறதப் பாத்தா சொட்டுநீர் போடற ஐடியா இருந்தா அந்த ஓட்டையெல்லாம் சீக்கிரம் அடைச்சுக்கும், அதையும் இப்பவே அவரு காதுல போட்டு வைங்க.

உங்க பசங்களுக்கும் ஒண்ணு. அந்தத் தூள் வருஷக்கணக்கா மூச்சுல போனா நரம்பைப் பாதிக்கும், கை நடுக்கம் வரும். அங்க ஓட்டறப்ப தண்ணி அடிச்சுட்டே ஓட்டுங்க, வாயில துண்டைக் கட்டிக்கிட்டா பத்தாது, நல்ல மாஸ்க்கா வாங்கிக் குடுங்க.

செங்கோட்டு ரிக்:
சரிங்க, நாளைக்கே டவுனுக்கு ஆள் அனுப்பறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரு அவருக்கும் ஒரு போர் பாயிண்ட் வேணும்னு நிக்கறாரு, குழிய விட்டுத் தள்ளி அக்கட்டால போடுன்னு சொல்லிருக்கறேன்.